ஐம்பது சி.சி.யின் நாடி

1980-ம் ஆண்டு ஓசூரில் டி.வி.எஸ். 50 பிறந்தது. இருவர் ஏறலாம், எண்ணெய் கலந்த பெட்ரோல் குடிக்கும், சண்டித்தனம் செய்தால் மிதித்துக்கொண்டே வீடு சேரலாம்.

மாமல்லபுரத்துக்குச் சிற்பம் பார்க்கப் போய், மீன் பெட்டி கட்டிய மொபெட்டுகளைப் பார்த்துக்கொண்டு நான் நின்றதுண்டு. கூடைக்காரர்கள் பஸ் கண்டக்டரின் முகத்தைப் பார்த்து நின்ற காலத்தை இந்த வண்டி மாற்றியது. ஆனால் செங்கற்பட்டுக்குப் போகும் வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டி நின்றுவிட்டால்? ஐஸ் உருகும், மீன் காத்திராது. ஆகவே வண்டிக்காரரே வைத்தியரானார். அந்த வைத்தியம்தான் இதன் உண்மையான சரித்திரம் என்பேன்.

முறை எளியது. புதிதாக ஸ்பானர் பிடிப்பவரும் செய்யலாம். முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டர் ஜெட், குழாய், டாங்க் என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல்மீது குற்றமில்லை. பிளக்கைத் துடைத்து ஒயரில் மாட்டி, துளைக்கும் சிந்திய பெட்ரோலுக்கும் எட்ட, இன்ஜின் உலோகத்தில் ஒட்டவைத்துப் பெடலை மிதித்தால் நீலப்பொறி தெரியவேண்டும். தெரியாவிட்டால் புதுப் பிளக். அதற்கும் மசியாவிட்டால் ஒயர் இணைப்புகள்: கடலோரத்தில் அவை பச்சை பூத்துக் கிடக்கும், உப்புக் காற்றின் கைங்கரியம்! பொறியும் பெட்ரோலும் சரியென்றால், சைலன்ஸரில் கரி அடைத்திருக்கும்.

2015-ல் வந்த எக்ஸ்.எல். 100, எண்ணெய் கலக்கும் வேலையை ஒழித்தது. 2020-ன் புகை விதிகளை ஒட்டிக் கார்புரேட்டரும் போய், இன்ஜெக்டர் வந்தது. அதன் நோயறிய மெக்கானிக் தனிக் கருவி கேட்கிறார். பிளக்கை மட்டும் இன்னும் நாமே கழற்றலாம்.