கீசர் பிளக் ஏன் சுடுகிறது? ஒரு பள்ளி ஆசிரியர் சொன்ன கணக்கு

உங்கள் வீட்டு கீசரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கும். இந்த இரண்டு எண்கள் போதும். அது எவ்வளவு மின்னோட்டம் இழுக்கும், அதன் மின்தடை எவ்வளவு என்று சொல்லிவிடலாம். 200 ஆண்டுகளுக்கு முன்பு இதற்குத் தெளிவான கணக்கு கிடையாது. அதற்கு வழி செய்தவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789இல் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். கொலோன் நகரப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே, கம்பியில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்தார். அன்றைய மின்கலங்களோ அளந்துகொண்டிருக்கும்போதே வலு குறைந்துவிடும். எனவே செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்ப வித்தியாசம் மாறாததால் மின்னழுத்தமும் சீராக நின்றது. பிறகு நீளம் மட்டும் வேறுபட்ட செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி அளந்தார். கம்பி நீள நீள மின்தடை கூடியது, மின்னோட்டம் குறைந்தது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை என்ற விதி இப்படித்தான் பிறந்தது.

1827இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. கொலோன் வேலையையும் விட்டார். 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் தந்து கௌரவித்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி 1852இல்தான் கிடைத்தது; இரண்டே ஆண்டுகளில் காலமானார். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையே இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல், கம்பியில் உண்டாகும் வெப்பத்தை அளந்தார். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வருவதே அந்த வெப்பத்தின் அளவு என்று 1841இல் வெளியிட்டார். அதாவது, மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு.

இப்போது உங்கள் கீசருக்கு வருவோம். 2000ஐ 230ஆல் வகுத்தால் மின்னோட்டம் சுமார் 8.7 ஆம்பியர். 230ஐ 8.7ஆல் வகுத்தால் மின்தடை சுமார் 26 ஓம். இதை 6 ஆம்பியர் பாயின்ட்டில் மாட்டவே கூடாது; 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும்.

சரியான பாயின்ட்டாகவே இருந்தாலும், பிளக் தளர்ந்து அந்த இடத்தில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 8.7 பெருக்கல் 8.7 பெருக்கல் அரை: கிட்டத்தட்ட 38 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு, உங்கள் சுவிட்ச் போர்டுக்குள்!

எம்.சி.பி. காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். மின்னோட்டம் அளவு மீறினால்தான் அது விழும். தளர்ந்த இணைப்பில் தடை கூடுவதால் மின்னோட்டம் சற்றுக் குறையவே செய்யும். எம்.சி.பி.க்கு எதுவும் தெரியாது. பிளாஸ்டிக் மட்டும் உருகிக்கொண்டிருக்கும்.

ஆகவே கீசர், ஏ.சி., இண்டக்‌ஷன் அடுப்பு எதையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள். பிளக் பழுப்பேறியிருந்தாலோ கருகல் வாடை வந்தாலோ மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அடுத்த குளியல் வரை தள்ளிப்போடாதீர்கள்.