பழைய நிலப்படமும் தோட்டத்துக் கோயிலும்

ஈப்போவைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களுள் பல இன்று செம்பனைக் காடாகவும் குடியிருப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்கள் மறைந்த இடத்தில் ஒரு கோயிலோ இடுகாடோ மட்டும் எஞ்சி நிற்பதுண்டு. அக்கோயில் எத்துணைக் காலமாக அங்குள்ளது என்னும் வினா நிலவுரிமை வழக்காக எழும்போது, முதியோர் நினைவுக்கு அடுத்தபடியாக நாம் தேடும் சான்று பழைய நிலப்படமே.

பழைய படத்தை இன்றைய படத்தின்மேல் பொருத்திப் பார்க்கும் வேலையைக் கணினி எளிதாக்கியுள்ளது. 2012-இல் பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமுள்ள பழைய படங்களைப் பொருத்தித் தருமாறு பொதுமக்களையே அழைத்தது. நம் ஆசிரியர்களும் இலவச மென்பொருளைக் கொண்டு வீட்டிலிருந்தே இதனைச் செய்யலாம். ஆயினும் எளிதில் செய்யக்கூடியவை எல்லாம் எளிதில் நம்பத்தக்கவை ஆகா. பேராக் மாநிலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இரு படங்களிலும் மாறாதிருக்கும் இடங்களைத் தேர்ந்து, இதற்கு இது நேர் என்று கணினிக்குக் காட்டுவதே முறை. மூன்று இடங்களைக் காட்டினாலே படம் பொருந்திவிடும். ஆனால் பிழை வெளிப்படாது. ஆறேழு இடங்களைக் காட்டினால்தான் எங்கே எவ்வளவு விலகல் உள்ளது என்பது தெரியவரும்.

கிந்தா சமவெளியில் மாறாதிருப்பது எது? ஆறு என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஈயச் சுரங்கங்கள் அங்கே ஆற்றின் போக்கையே மாற்றின, மேட்டைக் குளமாக்கின. தஞ்சோங் துவாலாங்கில் காட்சிப் பொருளாக நிற்கும் 1938-ஆம் ஆண்டு ஈயக் கப்பலைக் கண்டவர், அத்தகைய கப்பல் தான் மிதக்கும் குளத்தைத் தானே தோண்டிக்கொண்டு நகர்ந்ததை அறிவர். தெருப்பெயரும் துணை செய்யாது. பழைய படத்தின் பெல்பீல்டு தெரு இன்று ஜாலான் சுல்தான் யூசுப். ஹியூ லோ தெரு இன்று ஜாலான் சுல்தான் இஸ்கந்தர். இரயில் பாதையின் வளைவுகள் சிலவும் இரட்டைத் தண்டவாளம் இட்டபோது நேராக்கப்பட்டன.

சுண்ணாம்புக் குன்றுகளும், 1917-இல் கட்டி முடித்த ஈப்போ நிலையமும், பழைய கட்டடங்களுமே நமக்குத் துணை. பத்து காஜா அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கிய மாளிகை, 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்தமையால் முற்றுப்பெறாமல் நிற்கிறது. அதைக் கட்டத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் வழிபட எழுந்த மாரியம்மன் கோயிலும் அருகிலேயே உள்ளது. அவ்வட்டாரப் படத்தைப் பொருத்துவோர்க்கு இவை இரண்டும் உறுதியான புள்ளிகள்.

கண்ணுக்குத் தெரியாத விலகல் ஒன்றும் உண்டு. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய பெரு நில அளவையின் வழியில் வந்தது, எவரெஸ்ட் 1830-இல் கணித்த புவியுருவம். அதன் திருத்திய வடிவத்தைக் கொண்டே மலாயாவின் 1948-ஆம் ஆண்டு அளவை, பகாங்கிலுள்ள கெர்த்தாவை மூலமாக வைத்துக் கணிக்கப்பட்டது. நம் கைப்பேசி காட்டும் செயற்கைக்கோள் கணக்கோ வேறு. கெர்த்தாவ் முறைப் படத்தின் ஓரத்திலுள்ள அட்ச, தீர்க்க எண்களை மாற்றாமல் இட்டால், கோயில் 150 மீட்டருக்கு மேல் விலகிவிடும்.

கோட்டின் பருமனையும் மறத்தல் கூடாது. ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய படத்தில் 1 மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டராகும். கோயிலைக் குறிக்கும் சிறு அடையாளமே கோயிலையும் அதன் வாசலையும் பக்கத்து லயத்தையும் சேர்த்து மூடிவிடும்.

இனி, படத்தின் ஆண்டு. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டனர், அவசரகாலம் தொடங்கியது. 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்படி மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டபோது, சிதறிக் கிடந்த லயங்களின் தொழிலாளரும் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டனர். அதன்பின் தோட்டத் துண்டாடல் வந்தது. அதனைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். ஆகவே 1950-க்கு முந்திய படத்தின் லயமும் பாட்டி சொல்லும் லயமும் வேறு வேறு இடங்களாக இருக்கலாம். இரண்டுமே உண்மையாகவும் இருக்கலாம்.

இவற்றால் பெறப்படுவது யாது? இன்ன ஆண்டில் இவ்வட்டாரத்தில் ஒரு கோயில் இருந்தது என்று பழைய படம் சான்று கூறும். அதன் எல்லைக்கல் எங்கே என்று கூறாது. எல்லையை நில அலுவலகத்தின் மனை அளவைப் படத்திலும் பட்டாவிலுமே தேட வேண்டும். படம் தாங்காத சுமையை அதன்மேல் ஏற்றினால், எதிர்வாதி அதைத் தள்ளும்போது உண்மையான பகுதியும் சேர்ந்தே தள்ளுண்டுபோகும்.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஆங்கிலேயர் வரைந்த படங்களில் தோட்டங்கள் கம்பெனிப் பெயர்களால் குறிக்கப்பட்டன. நம்மவரோ துரையின் பெயராலும் ஆற்றின் பெயராலும் அவற்றை வழங்கினர். அப்பெயர்கள் முதியோர் நாவில் மட்டுமே உள்ளன. பொருத்திய படத்தை அவர்கள்முன் விரித்து, கிணறு எது, பள்ளி எது, பால்கொட்டகை எது என்று கேட்டு, சொன்ன ஆண்டோடு குறித்து வைத்தல் வேண்டும். படத்தைக் கணினி பொருத்தித் தரும். பெயரைச் சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.