கொள்ளிடம்: வெள்ள வழியின் வரலாறும் எல்லை வரைதலும்

முன்னுரை

ஆறு பெருகும்போது நீர் விரைந்தோடும் தடம் வேறு; கரைமீறிப் பரவித் தேங்கும் நிலப்பரப்பு வேறு. முன்னதை வெள்ள வழி என்றும் பின்னதை வெள்ளச் சமவெளி என்றும் குறிக்கலாம். வெள்ள வழியில் எழும் தடை, அதன் மேற்புறத்து நீர்மட்டத்தையும் உயர்த்திவிடும். ஆதலால், வெள்ளச் சமவெளி மேலாண்மையின் முதற்படி வெள்ள வழியின் எல்லையை வரைவதே ஆகும். காவிரியின் வெள்ளத்தைச் சுமக்கும் கொள்ளிடத்திற்கு அவ்வெல்லையை வரைய வரலாற்றுச் சான்றுகள் எவ்வாறு உதவும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பேணப்பட்ட பகிர்வு

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டும் திருவரங்கத் தீவைச் சூழ்ந்து சென்று கல்லணையருகே மீண்டும் நெருங்குகின்றன. கொள்ளிடத்தின் தளம் தாழ்வானது; எனவே நீர் இயல்பாகவே அதனை நாடும். கரிகாலனோடு மரபு இணைத்துப் பேசும் கல்லணை, பாசனநீரைக் காவிரிப் பக்கம் நிறுத்தி, மிகைநீரைக் கொள்ளிடத்துள் விடுகிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பு மணலால் மேடிட்டது. நீரின் பெரும்பகுதி கொள்ளிடத்திற்கே சென்றது. இதனைத் திருத்த ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அதன்பின் காவிரிக்குள் மிகுதியாகப் பாய்ந்த நீரைக் கட்டுப்படுத்த, அதன் தலைப்பிலும் ஓர் அணை தேவைப்பட்டது. பாசனநீர் காவிரிக்கு, வெள்ளம் கொள்ளிடத்திற்கு என்னும் பகிர்வு இயற்கை மட்டும் தந்ததன்று; மனிதர் இடையறாது பேணியது என்பது இதனாற் பெறப்படும்.

மறதியும் மீள்வெள்ளமும்

1924 ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் ஏற்பட்டது. 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை, 93.47 டி.எம்.சி. கொள்ளளவுடன் ஆற்றின் ஓட்டத்தை மாற்றியது. வெள்ளநீர் தேக்கப்படவே, கொள்ளிடம் ஆண்டின் பெரும்பகுதியில் மணற்பரப்பாகக் காட்சியளிக்கலாயிற்று. எனினும் அணை நிரம்பியபின் வரும் நீரைத் திறந்துவிடுவதன்றி வேறு வழியில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு, அத்தகைய நீர்ப்பெருக்கில் மேலணையின் 45 மதகுகளுள் 9 இடிந்து வீழ்ந்தன. வெள்ள வழியை வழக்கமான ஓட்டத்தைக் கொண்டு அளக்கவியலாது. அரிதாக வரும் பெருக்கைக் கொண்டே அளக்கவேண்டும்.

இடப்பெயர்ச் சான்று

பொறியியற் பதிவுகள் அணைகளில் நீரளவைக் காட்டுவன. நீர் ஊர்களுக்குள் எங்ஙனம் பாய்ந்தது என்பதை அறிய இடப்பெயர்கள் துணைபுரியும். காவிரிக்கரை வழக்கில் ‘படுகை’ என்பது ஆற்றுக்கும் கரைக்கும் இடைப்பட்ட வண்டல் நிலம். ‘திட்டு’ என்பது நீர் சூழ நிற்கும் மேடு. மயிலாடுதுறை மாவட்டத்தில் கொள்ளிடத்தையொட்டி அமைந்த நாதல்படுகை, முதலைமேடு திட்டு ஆகிய ஊர்ப்பெயர்கள் இவ்விரு சொற்களையும் தாங்கி நிற்கின்றன. 2022 ஆகஸ்ட் வெள்ளம் சூழ்ந்த ஊர்களுள் இவையும் அடங்கும். பெயர் மட்டுமே எல்லையை நிறுவாது. ஆயினும் கள அளவை எங்கே தொடங்கவேண்டும் என்பதை அது சுட்டும்.

சட்டமும் குடியிருப்போரும்

1975இல் நடுவணரசு வெள்ளச் சமவெளி மண்டலப்படுத்தலுக்கான மாதிரிச் சட்ட முன்வரைவை மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் உள்ளிட்ட மிகச் சில மாநிலங்களே சட்டம் இயற்றின. தமிழ்நாடு அவற்றுள் இல்லை. வருவாய்த்துறையின் ‘ஆற்றுப் புறம்போக்கு’ என்னும் வகைப்பாடு நிலத்தின் உரிமையைக் கூறுவது. வெள்ளத்தின் வேகத்தையோ ஆழத்தையோ கூறாது. அதனையே வெள்ள வழியின் எல்லையாகக் கொள்ளின் இருவகைப் பிழை நேரும். பட்டா நிலத்தில் ஓடும் வெள்ளம் வரைபடத்தில் இடம்பெறாது; புறம்போக்கில் மேடான இடத்தில் வாழ்வோர் காரணமின்றி அகற்றப்படுவர். படுகையின் வண்டலை நம்பிப் பயிரிடுவோர்க்கு இவ்வேறுபாடு வாழ்வாதாரச் சிக்கலாகும்.

முடிவுரை

கொள்ளிடத்தின் வெள்ள வழியை வரைவதற்கு மேலணை, கல்லணை ஆகியவற்றின் நீர்வெளியேற்றப் பதிவுகள், தரைமட்ட அளவைகள், இடப்பெயர்கள், ஊர்மக்களின் வெள்ள நினைவுகள் ஆகியன ஒருங்கிணைக்கப்படுதல் வேண்டும். நீர் விரைந்தோடும் தடத்தில் புதிய கட்டடங்களைத் தடுத்தலும், தேங்கும் பரப்பில் வேளாண்மையை அனுமதித்தலும் வெவ்வேறு விதிகளாக அமையவேண்டும். அத்தகைய வரைபடமே ஆற்றுக்கு வழிவிடவும் ஆற்றங்கரை மக்களின் உரிமையைக் காக்கவும் வல்லது எனலாம்.