ஈய மூடியில் பிறந்த எழுத்து

இரவு ஒன்பதரை மணி. சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ உங்கள் வீடு. காலையில் பெண் ஸ்கூலுக்கு புராஜெக்ட் எடுத்துக்கொண்டு போகவேண்டும். பிரிண்டர் ‘கொர்ர்... கொர்ர்...’ என்று தொண்டையைச் செருமுகிறது. காகிதத்தைப் பாதி விழுங்குகிறது. சிவப்பு விளக்கை இரண்டு தடவை சிமிட்டிவிட்டு நின்றே போகிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஷட்டர் இறக்கியாச்சு. என்ன செய்வீர்கள்? பிரிண்டரின் மண்டையில் ஒரு தட்டு தட்டுவீர்கள்!

தட்டாதீர்கள். அச்சடிக்கிற எந்த இயந்திரத்துக்கும் நாலு விஷயம் வேண்டும். காகிதம், மை, எழுத்து, அப்புறம் அதை ஓட்டத் தெரிந்த ஆள். உங்கள் பிரிண்டரில் எழுத்தின் வேலையை ‘ஹெட்’ பார்க்கிறது. ஆளின் வேலையை, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ‘டிரைவர்’ என்கிற புரோகிராம் பார்க்கிறது. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், டிரைவர்! நாலில் ஒன்று மக்கர் பண்ணினாலும் வண்டி நகராது.

இதில் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இயந்திரத்துக்குக் காலை வாரிய கதை ஒன்று உண்டு. நடந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தாம்பரத்திலிருந்து தெற்கே சுமார் 250 கிலோமீட்டர் போனால் அந்த ஊர் வந்துவிடும். தரங்கம்பாடி!

அப்போது தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரடெரிக் அனுப்பி, 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கினார்கள் இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார்கள். ஒருவர் புளூட்சோ. இன்னொருவர் சீகன்பால்கு. சீகன்பால்குவுக்கு அப்போது வயது 24தான். மணலில் விரலால் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படித்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கவும் ஆரம்பித்தார். ஓலையில் எழுதி, ஆள் வைத்துப் பிரதி எடுத்து எத்தனை பேருக்குக் கொடுப்பது? அச்சு இயந்திரம் வேண்டும் என்று ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதினார்.

லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவச் சங்கம் மனம் இரங்கியது. 1711-ல் ஒரு அச்சு இயந்திரம், ரோமன் எழுத்துகள், காகிதம், கூடவே இயக்கத் தெரிந்த ஜோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுக்காரர் என முழு செட்டையும் கப்பலேற்றினார்கள். பிரேசில் பக்கம் போனபோது கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டியது. சரக்குகள் சூறை போயின. இயந்திரம் எப்படியோ தப்பியது. அங்கிருந்து நன்னம்பிக்கை முனையை நோக்கிப் போகும் வழியில், பாவம், ஃபிங்க் ஜுரத்தில் இறந்து போனார்!

1712-ல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. டிரைவர் இல்லை!

கோட்டையில் இருந்த கம்பெனி சிப்பாய்களில் யாருக்காவது இந்த வேலை தெரியுமா என்று விசாரித்தார்கள். ஊரில் அச்சுத்தொழில் பார்த்த ஒரு ஜெர்மன்காரர் அகப்பட்டார். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவர் இயந்திரத்தைப் பிடித்தார். போர்த்துக்கீசிய மொழியில் அச்சு வேலை தொடங்கியது.

முதல் பழுது சரி. அடுத்தது எழுத்து. ரோமன் எழுத்தை வைத்துக்கொண்டு தமிழ் அச்சடிக்க முடியுமா? இங்கிருந்து தமிழ் எழுத்துகளை எழுதி அனுப்ப, ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் அதைப் பார்த்து அச்செழுத்து வார்த்தார்கள். 1713-ல் அந்த எழுத்துகளும், வார்க்கத் தெரிந்த ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். தமிழில் அச்சு ஓடியது.

ஆனால், எழுத்து ஒவ்வொன்றும் தாட்டியாக இருந்தது! ஒரு பக்கத்தில் பத்து வாக்கியம் போட்டாலே இடம் தீர்ந்துவிடும் போல. புதிய ஏற்பாடு முழுவதையும் அதில் அடித்தால் கையிருப்புக் காகிதம் காணாது. ஐரோப்பாவிலிருந்து அடுத்த கப்பல் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆக, எழுத்துப் பழுது காகிதப் பழுதில் கொண்டு விட்டது.

வந்தவர்களில் ஆட்லர் என்பவர் எழுத்து வார்ப்பதில் கெட்டிக்காரர். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், பொறையாரில் ஒரு வார்ப்படச் சாலை போட்டார்கள். சின்ன எழுத்து வார்க்கலாம். ஈயத்துக்கு எங்கே போவது? லண்டன் சங்கத்தார் பாதிரிமார்கள் சாப்பிட செஷயர் சீஸ் அனுப்பி வைத்திருந்தார்கள். அதை மூடி வந்தது ஈயம். சீஸைச் சாப்பிட்டுவிட்டு மூடியை உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்கின்றன மிஷன் சரித்திரங்கள். அந்தப் பொடி எழுத்தில் 1715-ல் புதிய ஏற்பாடு முழுசாக அச்சேறியது. அதே ஆண்டு பொறையாரில் காகித ஆலையும் ஆரம்பித்தார்கள். அது ரொம்ப நாள் ஓடவில்லை. சீகன்பால்குவும் 1719-ல், 36 வயதில் காலமானார். ஆனால் அச்சகம் நிற்கவில்லை!

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். இருக்கிறது. தமிழ் அச்சுக்கு வந்தது அதற்கும் 135 வருஷம் முன்னால். 1578-ல் கொல்லத்தில் ஹென்றிக்கே அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அதுதான். பதினாறே பக்கம். எட்டு வருஷத்தில் பெரிய புத்தகமாக ‘அடியார் வரலாறு’ வந்தது. அப்புறம்? நீண்ட மௌனம். 1679-ல் அம்பலக்காட்டில் ஒரு தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி எட்டிப் பார்த்தது. மறுபடி மௌனம். எழுத்து வார்க்கும் கைவேலை இந்த மண்ணில் வேர் பிடிக்கவில்லை. தரங்கம்பாடியில் பிடித்தது. தேய்ந்த எழுத்துக்குப் பதில் எழுத்து, கூப்பிடு தூரத்தில் கிடைத்தது.

நம்ம சென்னைக்கு அச்சகம் வந்த கதையும் இதையேதான் சொல்கிறது. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயர்களிடம் விழுந்தது. பிரெஞ்சுக்காரர்களின் அச்சு இயந்திரத்தையும் எழுத்துகளையும் கொள்ளைப் பொருளாகத் தளபதி ஐர் கூட்டின் ஆட்கள் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜ் கோட்டையில் அதை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார்கள். ஓட்ட ஆள் இல்லை! கடைசியில் வேப்பேரியில் இருந்த ஃபப்ரீஷியஸ் பாதிரியாரைத் தேடிப் போனார்கள். ‘எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால், கேட்டால் கம்பெனி வேலையை முதலில் அடித்துக் கொடுக்கவேண்டும்’ என்று ஒப்பந்தம். ஜெயித்தவன் கோட்டையில் இரும்புச் சாமானாகக் கிடந்தது, தெரிந்தவன் கையில் அச்சகமானது. வேப்பேரியிலிருந்து 1779-ல் ஃபப்ரீஷியஸின் தமிழ் - ஆங்கில அகராதி வெளிவந்தது.

நாலாவது சமாசாரமான மை, நம் காலத்துத் தலைவலி. இங்க்ஜெட் ஹெட்டில் இருக்கும் துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. மாசக்கணக்கில் சும்மா வைத்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை கலரில் ஒரு பக்கம் அடித்துவிடுங்கள். அடைத்துவிட்டால் ‘ஹெட் கிளீனிங்’ இரண்டு, மூன்று தடவை கொடுக்கலாம். அதற்குமேல் மைதான் காலி. கடலோர ஊர் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். பிரித்த காகிதக் கட்டை அப்படியே டிரேயில் போட்டு வைத்தால் நமுத்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே சிக்கும். கவரில் மூடி வையுங்கள்.

இதெல்லாம் உங்கள் கைக்கு எட்டுகிற பழுது. எட்டாத பழுது ஒன்று உண்டு. சில பிரிண்டர்கள், ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது வழியும் மையை உள்ளே ஒரு பஞ்சில் சேர்க்கும். பஞ்சு நிஜமாகவே நிறைந்ததா என்று பார்ப்பதில்லை, கணக்குப் போட்டுக்கொண்டே வரும். கணக்கு முடிந்த அன்று, ‘சர்வீஸுக்குக் கொண்டு போ’ என்று படுத்துவிடும்! வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ் போட்டால் சில்லைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ரகமும் உண்டு. ரிச்சி தெரு மெக்கானிக்குகள் இதற்கெல்லாம் வைத்தியம் கற்று வைத்திருக்கிறார்கள். கம்பெனி சொல்லிக்கொடுத்து அல்ல, தாங்களாகவே நோண்டித்தான்.

இந்த மூடிய கதவு 1980 வாக்கிலேயே ஒருவரைக் கோபப்படுத்தியது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன். அங்கே ஜெராக்ஸ் கம்பெனி கொடுத்த லேசர் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். சிக்கினால் எல்லோருடைய கம்ப்யூட்டருக்கும் தகவல் போகிற மாதிரி புரோகிராமைத் திருத்த நினைத்தார். பழைய பிரிண்டரில் அப்படிச் செய்தும் இருந்தார். புதுசுக்கு மூல புரோகிராம் கேட்டார். ‘யாருக்கும் தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்’ என்று கையை விரித்தார் வைத்திருந்தவர். அந்த ஆத்திரமும் ஒரு காரணமாக, 1983-ல் ‘யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம்’ என்கிற மென்பொருள் இயக்கத்தை அறிவித்தார் ஸ்டால்மன்.

பொறையாரில் ஆட்லரை யாரும் தடுக்கவில்லை. எழுத்து பெரிசாக இருந்தது, அவர் சின்னதாக வார்த்துக்கொண்டார். அவ்வளவுதான்!

அடுத்த தடவை பிரிண்டர் வாங்கப் போகும்போது விலை, வேகம், கலர் எல்லாம் விசாரியுங்கள். கூடவே கடைக்காரரிடம் இதையும் கேட்டு வையுங்கள்: ‘நின்னு போச்சுன்னா, இதை யார் சார் திறப்பாங்க?’