மலையுச்சியும் வானொலியும்

1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் நியூபவுண்ட்லாந்துத் தீவில், செயின்ட் ஜான்ஸ் நகரை அடுத்த சிக்னல் குன்றின்மேல் மார்க்கோனி ஒரு பட்டத்தைப் பறக்கவிட்டார். விளையாட்டுக்காக அன்று, ஏறத்தாழ 150 மீட்டர் நீளமுள்ள கம்பி ஒன்றை வானில் தூக்கிப் பிடிக்க அது வேண்டியிருந்தது. கடுங்காற்றில் பட்டம் துள்ளிக்கொண்டிருக்க, கேட்புக்குழலைக் காதில் வைத்துக் காத்திருந்த அவர், கடலுக்கு அப்பால் 3,400 கிலோமீட்டர் தொலைவில் இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து வந்த 'எஸ்' எழுத்தின் மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அறிவித்தார். உண்மையிலேயே கேட்டாரா என்று ஐயுறும் ஆய்வாளரும் உளர். அஃது எவ்வாறாயினும், குன்றும் கம்பியில்லாத் தந்தியும் கொண்ட உறவு அத்துணைப் பழமையானது.

போல்டு நிலையத்தின் மின்னாக்கி ஏறத்தாழ 25 கிலோவாட் திறனுடையது. அத்தகைய பொறியை நிறுவ ஒரு கம்பெனியின் மூலதனம் வேண்டும். கம்பியில்லாத் தந்தியில் மோகம் கொண்ட சாமானிய இளைஞனிடம் இருந்தவையோ ஒரு கம்பிச்சுருள், சில மின்கலங்கள், ஏறி நிற்க ஒரு வீட்டுக் கூரை. ஊதியம் கருதாமல் ஆர்வத்தினால் மட்டுமே வானொலி இயக்கும் இவர்களை அமெச்சூர் வானொலியர் என்றும், சுருக்கமாக 'ஹாம்' என்றும் அழைப்பர். தொலைவை வெல்ல இவர்களுக்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று குறுகிய அலை. மற்றொன்று உயர்ந்த இடம்.

முதல் வழியைக் காட்டியது, வேடிக்கை என்னவென்றால், இவர்களை ஒதுக்க வந்த சட்டமே. நெடுந்தொலைவு செல்ல நீண்ட அலைகளே தேவை என்று வல்லுநர்கள் நம்பிய காலம் அது. ஆகவே 1912ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமுமே அமெச்சூர்களுக்கு என்று வரையறுத்தது. நஞ்சையைத் தனக்கு வைத்துக்கொண்டு, தரிசைத் தம்பிக்குப் பங்கு பிரித்த கதைதான். அந்தத் தரிசே பின்னர் பொன் விளைந்தது! 1923 நவம்பரில் அமெரிக்க அமெச்சூர்கள் சிற்றலையில் பிரான்சின் நீஸ் நகரோடு உரையாடினர். 1924 அக்டோபர் 18ஆம் நாள், லண்டன் மில் ஹில் பள்ளி மாணவர் செசில் கோய்டர், உலகின் மறுகோடியான நியூசிலாந்தில் இருந்த பிராங்க் பெல்லுடன் தொடர்பு கொண்டார். பள்ளிப் பையன் ஒருவன் செய்த காரியம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மலாயாவும் இத்துறைக்குப் புதியதன்று. 1921இல் ஜொகூர் அரசின் மின்துறை அதிகாரி பர்ச் என்பவர் இந்நாட்டுக்கு முதல் வானொலிப் பெட்டியைக் கொணர்ந்தார். முப்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் வானொலி ஆர்வலர் சங்கம் ஒலிபரப்புச் செய்ததும் புக்கிட் பெட்டாலிங் என்னும் குன்றிலிருந்தே.

இரண்டாவது வழியான உயரத்துக்கு வருவோம். சிற்றலைகள் வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். ஐந்து மீட்டர், இரண்டு மீட்டர் போன்ற மிகக் குறுகிய அலைகளோ பெரும்பாலும் ஒளியைப்போல நேரே செல்வன. பூமி உருண்டையாதலின், அடிவானத்துக்கு அப்பால் அவை எளிதில் எட்டா. இதற்கு மாணவரும் போடத்தக்க ஒரு கணக்கு உண்டு. நிற்கும் இடத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், அடிவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நிற்பவனுக்கு நாலைந்து கிலோமீட்டர்தான். 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையின் உச்சியில் நிற்பவனுக்கோ 127 கிலோமீட்டர்! காற்று மண்டலம் அலையைச் சற்றே வளைப்பதால் வானொலிக்கு இத்தொலைவு பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூடும்.

இக்கணக்கை மெய்ப்பித்த இடம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள வாஷிங்டன் மலை. உயரம் 1,917 மீட்டர். பெரிய மலை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதன் காற்றுக்கு ஈடு இல்லை. 1932 அக்டோபரில் நால்வர் அதன் உச்சியில் ஒரு வானிலை ஆய்வுக்கூடம் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான ஜோ டாட்ஜ், அடிவாரத்தில் மலையேறுவோர் விடுதியை நடத்திவந்த அமெச்சூர் வானொலியர். காற்றில் பறந்துவிடாதிருக்கக் கட்டடத்தைச் சங்கிலிகளால் பாறையோடு பிணைத்திருந்தனர். பாஸ்டனை அடுத்த புளூ ஹில் ஆய்வுக்கூடத்தோடு ஐந்து மீட்டர் அலையில் பேசினர். தொலைவு ஏறத்தாழ 229 கிலோமீட்டர். மேற்கண்ட கணக்கின்படி வாஷிங்டன் மலைக்கு 156, இருநூறு மீட்டருக்குச் சற்றே குறைந்த புளூ ஹில்லுக்கு 50, கூட்டினால் 206தான். காற்றின் வளைவைச் சேர்த்தால் 238. நூலிழையில் எட்டிய தொடர்பு அது. மலை இருநூறு மீட்டர் குட்டையாக இருந்திருப்பின் கணக்கு உதைத்திருக்கும்.

1934 ஏப்ரல் 12ஆம் நாள் அவ்வுச்சியில் சூறாவளி வீசியது. காற்றுமானியில் உறைந்த பனியை உடைப்பதற்காக, வெண்டல் ஸ்டீபன்சன் என்ற ஊழியர் விடியுமுன் கையில் ஒரு மரத்தடியுடன் வெளியே ஏறினார். அன்று பிற்பகல் பதிவான வேகம் மணிக்கு 372 கிலோமீட்டர். 1996இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவுப் புயல் முறியடிக்கும்வரை இதுவே உலகச் சாதனையாக நின்றது. அந்த நாளிலும் புளூ ஹில்லுடன் வானொலித் தொடர்பு அறவில்லை.

ஆயினும் அன்றைய கருவிகள் கனமானவை. வெற்றிடக் குழாய்களும் அவற்றுக்கான மின்கலங்களும் தனியொருவன் முதுகில் ஏறக்கூடியனவல்ல. 1933இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அமெச்சூர்கள் ஆண்டுக்கொருமுறை நிலையத்தை வெட்டவெளிக்குக் கொண்டுசென்று இயக்கும் வழக்கத்தைத் தொடங்கினர். ஆனால் மூட்டை முடிச்சுகளைத் தூக்கக் கூட்டம் வேண்டியிருந்தது. 1947இல் பிறந்த டிரான்சிஸ்டர் இச்சுமையை இறக்கியது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு கிலோ அளவே எடையுள்ள, ஐந்து வாட் திறனுடைய முழு நிலையம் கடைகளில் கிடைத்தது. போல்டுவின் 25 கிலோவாட்டில் இது ஐயாயிரத்தில் ஒரு பங்கு.

இதன்பின் 2002 மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்திலும் வேல்சிலும் 'சமிட்ஸ் ஆன் தி ஏர்' என்ற திட்டம் தொடங்கி, பல நாடுகளுக்குப் பரவியது. மலையேறி, உச்சியிலிருந்து வானொலி இயக்குவதே இதன் பணி. விதிகள் கண்டிப்பானவை, கண்டிப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஊர்தியிலிருந்து இயக்கலாகாது. கருவியைத் தானே சுமந்து ஏற வேண்டும். எண்ணெயில் ஓடும் மின்னாக்கி கூடாது. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் நிலையம் அமைய வேண்டும். பெரிய மலையின் தோளில் முளைத்த மேட்டையெல்லாம் மலையென்று சொல்லிவிடாதிருக்க, சுற்றுப்புறத் தாழ்விலிருந்து 150 மீட்டராவது எழுந்து நிற்பதையே பொதுவாகக் கணக்கில் கொள்வர். தீவின் முடியாகிய சிங்கப்பூரின் புக்கிட் தீமா 163 மீட்டர். இந்த அளவுகோலில் மயிரிழையில் தேறிவிடும்!

கைப்பேசி உள்ள காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசி பேசுவது பக்கத்துக் கோபுரத்தோடுதான். கோபுரம் சாய்ந்தால் அது ஊமை. மேலும் நகரத்து மின்விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சலில் மெல்லிய சைகைகள் மூழ்கிப்போகின்றன. மலையுச்சியிலோ அமைதி, ஐந்து வாட்டுக்கும் அங்கே மதிப்புண்டு. இடிமின்னல் வேளையில் உச்சியில் கம்பி கட்டுவது மட்டும் உயிரோடு விளையாடுவதாகும். இடி முழங்குமுன் கம்பியைச் சுருட்டி இறங்கிவிடுவதே தேர்ந்தவர் வழக்கம்.

உச்சியிலிருந்து அழைப்பவருக்குப் புள்ளி கிடைக்க, நால்வரேனும் பதில் தரவேண்டும். ஆயிரம் புள்ளி பெற்றவருக்கு 'வரையாடு' என்று பொருள்படும் பட்டம் உண்டு. வீட்டு நாற்காலியில் அமர்ந்தபடியே மலையுச்சிகளுக்குப் பதில் கொடுத்து ஆயிரம் சேர்த்தவருக்கும் பட்டம் உண்டு. அதன் பொருள் 'நிலையத்துச் சோம்பேறி'. அந்தச் சோம்பேறிகள் காது கொடாவிட்டால் வரையாடு வெறுங்கையோடுதான் இறங்க வேண்டும்.