ஒரே மொழியில் இரண்டு வெளியேற்றங்கள்

புங்குடுதீவின் இறுப்பிட்டியும் அதன் அயல் வட்டாரங்களும் 1991இல் வெறிச்சோடிப் போயின. இராணுவம் தீவைக் கைப்பற்றியதை அடுத்து மக்கள் குடாநாட்டுக்கும் அதற்கு அப்பாலும் சிதறினர். அத்தீவில் பிறந்த கவிஞர் சு. வில்வரத்தினம் (1950–2006) அந்த வெறுமையைக் கவிதையாக்கினார். ‘காற்றுவெளிக் கிராமம்’ என்ற தொகுதி 1995இல் வெளிவந்தது. கவிதையைப் பாடிக் காட்டும் வழக்கம் அவருக்கு இருந்தது. ஆகவே அத்துயரம் அச்சில் மட்டுமன்றி இசையிலும் பரவியது.

அதற்கு ஓராண்டு முன்னர், 1990 ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். பெரும்பாலானோர் புத்தளத்தை அடைந்தனர். பதுறுத்தீன் புலவர் ‘முகியித்தீன் புராணம்’ பாடிய மண் யாழ்ப்பாணம். வெளியேறியவர்களின் தாய்மொழியும் தமிழ், வெளியேற்றியவர்களின் தாய்மொழியும் தமிழ். மொழி அன்று அரணாக நிற்கவில்லை.

அப்படியாயின், தீவகத்துக் கவிஞனின் புலம்பலில் நமக்குப் பங்குண்டா?

நமது இலக்கிய வரலாறு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைத் தமிழ் மருத நிலத்தின் வளத்தோடு வருணித்தார். அருணகிரிநாதர் முருகனைப் பாடிய திருப்புகழ்ச் சந்தத்தில் காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகத்தைப் புகழ்ந்தார். வடிவத்தை வாங்கியவர்கள் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

அண்மைக் காலத்தில் எதிர்த் திசையிலும் இது நடந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இல் வெளிவந்தபோது, மஹ்மூத் தர்வீஷ் முதலானோரின் குரலை ஈழத்துத் தமிழ் இளைஞர்கள் தம் குரலாகவே வாசித்தனர். அவ்வாண்டு யாழ் நூலகம் எரிக்கப்பட்டது. அதைப் பற்றி நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ அந்த எரிப்பின் நினைவோடு இன்றும் சேர்த்தே பேசப்படுகிறது. ஒரு முஸ்லிம் கவிஞனின் கோபத்தை யாழ்ப்பாணம் தனதாக ஏற்றது. ஒன்பது ஆண்டுகளின் பின்னர் அதே நகரத்து முஸ்லிம்களுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று.

ஆகவே பங்குண்டு என்றே சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையுடன். இரண்டு வெளியேற்றங்களையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. இறுப்பிட்டியார் இராணுவத்துக்கு அஞ்சி ஓடினர். நம்மவரை விரட்டியவர்கள் அயலவரின் பேரால் ஆயுதம் ஏந்தியவர்கள். இந்த வேறுபாட்டை மறைத்துச் செய்யும் மீள்வாசிப்பு உண்மையைக் கொல்லும். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டே வில்வரத்தினத்தை நாம் வாசிக்கலாம்; அவருடைய ஆளற்ற முற்றங்களில் சோனகத் தெருவின் பூட்டிய கதவுகளையும் காணலாம். அவ்வாறே நமது அகதி வாழ்வின் எழுத்துகளைத் தீவகத்தார் தமதாக வாசிக்கும் நாளும் வரவேண்டும். பாதிக் கடனே இதுவரை தீர்ந்திருக்கிறது.