அகிரா எண்டோ

அகிரா எண்டோ (14 நவம்பர் 1933 – 5 ஜூன் 2024) ஜப்பானிய உயிர்வேதியியலாளர். இரத்தக் கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்துகளில் முதலாவதைக் கண்டறிந்தவர்.

வட ஜப்பானின் அகிதாவில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் படித்து, 1957இல் டோக்கியோவின் சாங்கியோ மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். பழச்சாற்றைத் தெளியவைக்கும் பூஞ்சை நொதியைத் தேடுவது தொடக்ககால வேலை. 1966 முதல் ஈராண்டு நியூயார்க்கில் ஆய்வு செய்தபோது, மாரடைப்பு அங்கே எவ்வளவு பரவலான நோய் என்பதை நேரில் கண்டார்.

உடலிலுள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதி உணவில் வருவதல்ல, உடலே ஆக்கிக்கொள்வது. அந்த ஆக்கத்தின் வேகம் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்னும் நொதியின் கையில் இருக்கிறது. போட்டி நுண்ணுயிர்களை ஒழிக்க ஏதேனும் ஒரு பூஞ்சை இந்நொதியை முடக்கும் பொருளைச் சுரக்கக்கூடும் என்று எண்டோ கணித்தார். 1971இல் மசாவோ குரோடாவுடன் தேடலைத் தொடங்கினார். ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்தபின், கியோட்டோ தானியக் கடை ஒன்றின் அரிசியில் கிடைத்த பெனிசிலியம் சிட்ரினம் என்ற நீலப்பச்சைப் பூஞ்சை கைகொடுத்தது. அதிலிருந்து 1973இல் பிரித்தெடுத்த பொருளே காம்பாக்டின்.

எலிகளிடம் அது பலிக்கவில்லை. மருந்து முடக்க முடக்க, எலியின் கல்லீரல் அந்நொதியைக் கூடுதலாக உண்டாக்கி ஈடுகட்டிவிடும் என்பது பிறகுதான் விளங்கியது. பெரும்பாலான மருந்துகளின் கதை இங்கேயே முடிந்துவிடும். எண்டோ விடவில்லை. முட்டையில் கொலஸ்டிரால் மிகுதி என்றால், முட்டையிடும் கோழியின் உடலில் அது ஏராளமாக உற்பத்தியாக வேண்டும் அல்லவா? தம் ஆய்வுக்காகக் கோழி வளர்த்துவந்த சக ஊழியர் நோரிடோஷி கிடானோவை 1976இல் மதுக்கடை ஒன்றில் சந்தித்தபோது, வேலை முடிந்த கோழிகளைக் கேட்டு வாங்கினார். கோழிகளின் இரத்தக் கொலஸ்டிரால் ஏறக்குறைய பாதியாக இறங்கியது.

1978இல் ஒசாகாவில் மருத்துவர் அகிரா யமமோட்டோ, பரம்பரையாக மிகைக் கொலஸ்டிரால் கொண்ட இளம்பெண் ஒருவருக்கு இதைக் கொடுத்தார். கொலஸ்டிரால் குறைந்தது, தசைத் தளர்ச்சியும் கண்டதால் மருந்தளவைக் குறைக்க வேண்டியிருந்தது. நாய்களில் நச்சுத்தன்மை ஐயம் எழுந்ததும் 1980இல் சாங்கியோ சோதனைகளை நிறுத்தியது. காம்பாக்டின் கடைக்கு வரவே இல்லை. அதே குடும்பத்து லோவாஸ்டாடினை அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் 1987இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்பொருளை, டோக்கியோ வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்த எண்டோவும் 1979இல் வேறொரு பூஞ்சையில் தனியாகக் கண்டிருந்தார்.

ஜப்பான் பரிசு (2006), லாஸ்கர் விருது (2008) ஆகியவை அவருக்குக் கிடைத்தன. கொலஸ்டிரால் ஆய்வுக்காக பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பெற்றனர். எண்டோவுக்கு அது கிட்டவில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் விழுங்கும் ஸ்டாடின் மாத்திரைகளின் விற்பனையிலும் அவருக்குப் பங்கு வரவில்லை.